மூன்றாவது பிடி

ஜெய்னப் வெள்ளைத் துணி ஒன்றை முற்றத்தில் உதறினாள். எள்ளைவிடச் சிறிய சாம்பல் நிறப் பூச்சிகள் சுடுமணலில் விழுந்து, ஒரு துள்ளுத் துள்ளி, அங்கேயே செத்தன.

வாசலில் நின்ற ஷேக் பரீது குனிந்து அந்தப் பூச்சிகளையே பார்த்தான்.

அவன் கெட்ட செய்தி சொல்ல வந்தவன். பம்பாயில் கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து, அறந்தாங்கி ரயிலிலும் அம்மாபட்டினம் பஸ்ஸிலும், எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தான். இப்படிப்பட்ட நாளில் பார்த்து ரயில் சொன்ன நேரத்துக்கு வந்து சேரும்.

"வாங்கண்ணே. அவுக போன வெள்ளிக்கிழமையே வந்துட்டாக. உள்ளதான் தூங்குறாக" என்றாள் ஜெய்னப். முகமெல்லாம் சிரிப்பு.

அவள் புருஷன் ஹாஜா முகைதீனும் பரீதும் ஒரே கப்பலில் வேலை பார்த்தவர்கள். தெற்குக் கடலின் கோடியில், ஒரு மரம்கூட இல்லாத குளிர்ந்த தீவில், ஹாஜா காய்ச்சல் கண்டு மௌத்தாகிவிட்டான். கப்பலின் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கிழித்துக் கபன் துணியாகப் போர்த்தியதும் பரீதுதான், குழி தோண்டியதும் அவன்தான்.

அந்த மண்ணில்தான் இந்தப் பூச்சிகளைப் பார்த்தான். பாசிக்கடியில் கூட்டமாகத் துள்ளின. உள்ளங்கையில் எடுத்தால் கைச்சூட்டுக்கே செத்தன. இந்தத் தீவை விட்டால் இவை வேறெங்கும் கிடையாது என்றார் கப்பல் டாக்டர்.

கபுர்க்குழியில் மூன்று பிடி மண் போட வேண்டும். இரண்டு பிடி போட்டான். மூன்றாவதுக்கு விரல்கள் விறைத்துப்போய் மடங்கவில்லை. கப்பல் சங்கு ஊதியது. ஓடிவிட்டான். அந்த ஒரு பிடி அன்றிலிருந்து அவன் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

பரீது குனிந்து முற்றத்து மண்ணை ஒரு பிடி அள்ளினான். விரல்கள் இப்போது நன்றாகவே மடங்கின.

உள்ளே யாரோ புரண்டு படுத்தார்கள். ஐம்பத்தாறாம் வருஷத்துச் சித்திரை வெயிலில், அந்த அறையிலிருந்து குளிர்காற்று வந்து அவன் காலில் பட்டது.

ஜெய்னப் அவன் கையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. ஓடிப்போய் அறைக்கதவைச் சாத்தி, அதில் முதுகை வைத்து நின்றாள்.

"போட்டுறாதீங்கண்ணே. எனக்கும் தெரியும். இருந்துட்டுப் போகட்டும்."

அழுதபடியே சொன்னாள். அவள் கழுத்தில் ஒரு பூச்சி ஊர்ந்தது. துள்ளி, கன்னத்தில் போய் உட்கார்ந்தது.

அது சாகவில்லை.