கட்டிலுக்கடியில் கிழங்கு

மஞ்சள் மேலங்கி போட்ட அந்த ஆள் நாயைப் பிடித்துக்கொண்டு நேராகத் தன் வண்டியை நோக்கி வருவதைப் பார்த்ததும் பெரெண்ட் இருக்கையில் இன்னும் கீழே சரிந்தார்.

கப்பலிலிருந்து இறங்கிய கார்கள் நார்வே சுங்கச் சாவடிக்கு முன்னால் வரிசையில் நின்றன. முக்கால்வாசிக் கார்களுக்குப் பின்னால், கட்டில் அடுப்போடு இழுத்துவரும் சக்கர வீடாக, ஒரு கேரவன். பெரெண்டின் கேரவனில், கட்டிலுக்கு அடியில், போர்வைகளுக்குக் கீழே, ஹாலந்தில் அவர் தன் கையாலேயே விளைவித்த பதினைந்து கிலோ உருளைக்கிழங்கு பதுங்கியிருந்தது.

வெளிநாட்டு உருளைக்கிழங்கு நார்வேக்குள் நுழையக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். வெளிநாட்டு உருளைக்கிழங்கு தன் வாய்க்குள் நுழையக் கூடாது என்பது பெரெண்டின் சட்டம். எந்த ஊரில் கேரவனை நிறுத்தினாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவருக்குச் சொந்தத் தோட்டத்துக் கிழங்கு அவிந்தாக வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி வில்மாவுக்கு இந்தக் கடத்தல் தெரியாது. போன கோடையில் இதே துறைமுகத்தில் மாட்டியபோதே அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை கிழங்குக்காக அபராதம் கட்டினே, அடுத்த கப்பல்லயே ஊருக்குத் திரும்பிடுவேன். போன கையோட கேரவனையும் வித்துடுவேன், ஆமா."

வில்மா சொன்னால் செய்வார். கேரவன் இல்லாத கோடையை பெரெண்டால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

மஞ்சள் மேலங்கிக்காரர் ஜன்னலில் குனிந்தார். "அருமையான வண்டி. உள்ளே ஒரு பார்வை பார்க்கலாமா?"

"தா... தாராளமா" என்றார் பெரெண்ட். இறங்கிப் போய்க் கேரவன் கதவைத் திறந்தார்.

அந்த ஆள் நிதானமாகப் பார்த்தார். அலமாரிகளைத் திறந்து மூடினார், அடுப்பைத் தட்டினார், தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர் என்று விசாரித்தார். நாய் மட்டும் சுற்றிவளைக்காமல் கட்டிலருகே போய், பலகையில் மூக்கை வைத்து உட்கார்ந்துவிட்டது.

"அட, இதுக்கு அடியிலயும் இடமிருக்கா? என்ன வைப்பீங்க?"

அந்தக் கேள்வியில் பெரெண்ட் உடைந்துபோனார். "உருளைக்கிழங்கு சார். பதினஞ்சு கிலோ. எல்லாம் என் தோட்டத்துல விளைஞ்சது. புத்தி கெட்டுப்போய் ஏத்திட்டேன்."

"தோட்டத்துதா!" அந்த ஆளின் கண்கள் விரிந்தன.

"பெரெண்ட்!" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. வில்மா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

பெரெண்ட் அவசர அவசரமாகக் கட்டிலைத் தூக்கி, இரண்டு சாக்குகளையும் வெளியே இழுத்துப் போட்டார். "சார், நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம. இனிமே அது இந்த வண்டியில இருக்கவே கூடாது."

அந்த ஆள் தயங்கி வில்மாவைப் பார்த்தார்.

"என்ன யோசனை? முதல்ல தூக்குங்க!" என்றார் வில்மா.

தோளுக்கு ஒன்றாகச் சாக்குகளைப் போட்டுக்கொண்டு, நாய் முன்னே ஓட, அவர் முன்னால் நின்ற வண்டிகளுக்கு நடுவே மறைந்தார். சற்று நேரத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, வில்மாவின் கையில் ஒரு டப்பா வெண்ணெய் பிஸ்கட்டைத் திணித்தார். "சும்மா வாங்கிட்டுப் போக மனசு வரல" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

கணவனும் மனைவியும் டப்பாவையே பார்த்தார்கள்.

"அபராதம்?" என்றார் வில்மா.

"அந்தப் பேச்சையே எடுக்கல."

"பறிமுதல் பண்ணிட்டு பிஸ்கட் குடுப்பாங்களா?"

"அதான் நார்வே! ஒரு நாடு சும்மா முன்னேறிடுமா?" பெரெண்டுக்கு உயிர் திரும்பியிருந்தது. கிழங்கு போனது நெஞ்சில் குத்தியது, இருந்தாலும் கேரவன் பிழைத்தது.

வில்மா ஒரு பிஸ்கட்டைக் கடித்தார். கோபம் அரைவாசி கரைந்தது. "இந்தத் தடவை பொழச்சுப் போ. அடுத்த தடவை உன்னையே அவிச்சுடுவேன்."

வரிசை நகர்ந்தது. சாவடியை நெருங்கும்போது, பக்கத்துக் கொட்டகையில் அதே மஞ்சள் மேலங்கிக்காரர் நிற்பது தெரிந்தது. பின்னால் கதவு திறந்து கிடந்த ஒரு கேரவன், காலடியில் அந்த இரண்டு சாக்குகள். நீலச் சட்டை அதிகாரிகள் இரண்டு பேரிடம் கைகளை விரித்து விரித்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"பாரு வில்மா, ஒரு கிழங்கு குறையாம மேலதிகாரிகிட்ட ஒப்படைக்கிறார். என்ன நேர்மை!" பெரெண்டுக்குக் கண் கலங்கியது.

சாவடி ஜன்னலில் இருந்த அதிகாரி ஓர் இளம்பெண். "உருளைக்கிழங்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்." பெரெண்ட் நெஞ்சை நிமிர்த்தினார். ஒரு நல்ல மனிதருக்கு நல்ல பெயர் வாங்கித் தராமல் போக அவருக்கு மனம் கேட்கவில்லை. "பதினஞ்சு கிலோ இருந்தது. நானே உங்க ஆள் கையில குடுத்துட்டேன். அதோ, நாயோட நிக்கிறாரே, அவர்தான். தங்கமான மனுஷன்."

அதிகாரி பெரெண்டைப் பார்த்தார். கொட்டகையைப் பார்த்தார். வில்மா மூன்றாவது பிஸ்கட்டை வாயருகே கொண்டுபோயிருந்தார்.

அதிகாரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கொட்டகைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"மன்னிச்சுக்குங்க சார்! நீங்க சொன்ன கிழங்குக்காரர் நிஜமாவே இருக்கார்!"