மிச்சம் ஆறு கோழி

"பதினாலு கோழி சுட்டிருக்கீங்க வெர்னன். வித்தது எட்டு. மிச்சம் ஆறும் குப்பைக்குப் போகுது. இதோட மூணு வாரமாச்சு!"

மேனேஜர் மார்லா கையில் ஒரு காகிதத்தோடு நின்றாள். அந்த மளிகைக் கடைக்கு மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வந்த நாளிலிருந்து இதே கூத்து.

வெர்னன் கையைத் துடைத்துக்கொண்டார். கடையின் கோழி அடுப்பு இருபத்திரண்டு வருஷமாக அவர் பொறுப்பு. சூட்டுப்பெட்டியில் விற்காததைச் சாயங்காலம் குளிர்பெட்டிக்கு மாற்றி வைப்பார். இந்த மூன்று வாரமாக அங்கேயும் அவை சீந்துவாரில்லாமல் கிடந்தன.

"எனக்குக் கணக்கு எப்பவுமே வராது, மிஸ் மார்லா."

"எட்டு வரைக்கும் எண்ணத் தெரியாதா உங்களுக்கு?"

"இந்த மாசம் மட்டும்தான் இப்படி. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. மேலிடத்துல என் கழுத்தைப் பிடிக்கறாங்க. நாளையிலிருந்து எட்டு. ஒன்பதாவது கோழி அடுப்புல ஏறினா நீங்க வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதுல கையெழுத்துப் போடுங்க."

மறுபேச்சில்லாமல் போட்டார். அதுதான் மார்லாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது. பாவம்தான். அதற்காகக் கோழியைக் குப்பையில் கொட்டிக்கொண்டிருக்க முடியுமா?

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் கடை திமிலோகப்பட்டது. வாஷிங்டனில் கட்சிக்காரர்கள் தங்களுக்குள் சண்டை போட்டு அரசாங்கத்தையே இழுத்து மூடியதில், மூன்று வாரமாக நின்றுபோயிருந்த அரசாங்க உணவு உதவிப் பணம் அன்றைக்குத்தான் ஏழைகளின் கார்டில் ஏறியிருந்தது. அதுவும் பாதி.

ஐந்து மணிக்கு, பில் போடும் டாட்டியின் கவுண்ட்டரில் வரிசை நகரவே இல்லை. என்னவென்று பார்க்க மார்லா போனாள்.

"இந்தக் கோழியைக் கார்டு எடுக்காது கண்ணு. சூடா இருக்கு பாரு" என்று டாட்டி சொல்லிக்கொண்டிருந்தாள்.

எதிரே இரண்டு பெண் குழந்தைகளோடு ஒருத்தி. ட்ரூடி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. முதியோர் இல்லத்துச் சீருடை.

"தெரியும் டாட்டி. என்னென்னமோ மாத்தறாங்களே, இதையும் மாத்தியிருப்பாங்களோன்னு ஒரு நப்பாசை."

"எங்க மாத்தறாங்க! கார்டு மளிகைக்கு மட்டும்தானாம். கோழி சூடா இருந்தா ஓட்டல் சாப்பாடாம், ஆறிப்போனா மளிகையாம். இதை எழுதினவன் ஜென்மத்துல கோழி தின்னிருக்க மாட்டான்."

பின்னால் யாரோ கடிகாரத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள்.

மார்லா குறுக்கே புகுந்தாள். "பச்சைக் கோழி எடுத்துக்கலாமே? அதுக்குக் கார்டு செல்லுமே. விலையும் கம்மி."

"எடுத்துட்டுப் போய் எங்க வேகவைக்க மேடம்? நாங்க இருக்கறது மோட்டல் ரூம்ல. அடுப்பே கிடையாது, ஒரு மைக்ரோவேவ்தான். வழக்கமா இந்நேரத்துக்கு வந்தா குளிர்பெட்டியில ஆறினது அஞ்சாறு கிடக்கும். கார்டு வாயை மூடிக்கிட்டு எடுத்துக்கும். ரூமுக்குப் போய்ச் சூடு பண்ணிக்குவோம். மூணு வாரமா வெறும் ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும். இன்னைக்குக் கோழின்னு சொல்லிப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்துட்டேன். பார்த்தா, பெட்டி காலி." ட்ரூடி சுற்றிலும் பார்த்தாள். "வெர்னனுக்கு உடம்பு சரியில்லையா?"

மார்லா திரும்பிப் பார்த்தாள். காலியான குளிர்பெட்டி முன்னால் ஒரு கிழவர் குனிந்து உள்ளே தேடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கையில் கார்டோடு இன்னும் மூன்று பேர். அடுப்புப் பக்கம் வெர்னன், துடைத்த மேடையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மார்லா கவுண்ட்டரை விட்டு விலகினாள். நேரே அவரிடம் போனாள்.

"இவங்களுக்காகத்தானா இத்தனை வருஷமா கூடுதலாச் சுட்டீங்க?"

அவர் துணியை மடித்து மேடைமேல் வைத்தார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா கார்டுக்காகத் தெரிஞ்சே கூடுதலாச் சுட்டதாயிடும், மிஸ் மார்லா. அப்புறம் உங்களுக்கும் தெரிஞ்சதாயிடும், உங்க வேலைக்கும் ஆபத்து. கணக்குத் தெரியாத கிழவன்னா என்னோட போயிரும். எப்பவும் ஆறினதுல ஒண்ணும் மிஞ்சாது. இந்த மாசம் கார்டுல பணம் வரல, மாட்டிக்கிட்டேன்."

சூட்டுப்பெட்டியில் இன்னும் ஐந்து கோழிகள் பளபளவென்று இருந்தன. மார்லா பெட்டிக்குப் பின்னால் போனாள். பிறகு குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"டாட்டி! சூட்டுப்பெட்டி ரிப்பேர்! கோழியெல்லாம் குளிர்பெட்டிக்குப் போகுது. ஆற அரை மணி நேரமாவது ஆகும்னு சொல்லு!"

"மூணு வாரம் காத்திருந்தோம், அரை மணி நேரம் காத்திருக்க மாட்டோமா?" என்றாள் ட்ரூடி. குழந்தைகள் இரண்டும் அதற்குள் குளிர்பெட்டிப் பக்கம் ஓடிப்போய் நின்றுகொண்டன.

வெர்னன் கோழிகளை ஒவ்வொன்றாக எடுத்து மாற்றினார். கடைசிக் கோழியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"நாளைக்கு எட்டுதானே, மிஸ் மார்லா?"

நேற்று அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை மார்லா தன் பையிலிருந்து எடுத்து, நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"என்னைக் கேட்டா? எனக்கும்தான் கணக்கு வராது வெர்னன்."