ஒருமுறை அழுத்தினால் காட்டுப் பக்கி

புத்தக வெளியீட்டு விழாவில் லட்சுமிப்ரியா என்ற கல்லூரிப் பெண் எழுந்து, ராயகிரிக்கு மேலே காட்டில் பதிவு செய்த ஓர் இரவுப் பறவையின் குரல் தன் கைபேசியில் இருப்பதாகவும், அது காட்டுப் பக்கியா சின்னப் பக்கியா என்று சார்தான் சொல்ல வேண்டும் என்றும் கேட்டாள்.

"பக்கியப் பத்திக் கேக்க ஒரு பக்கி எந்திரிச்சிருக்கு பாருலே" என்று பின்வரிசையில் ஒருவன் சொன்னான். கல்யாண மண்டபமே சிரித்தது.

மேடையில் இருந்த நூலாசிரியர் கைலாசம் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏட்டி முத்து, நீயும் மேல வா" என்று மைக்கிலேயே கூப்பிட்டார்.

கீழே உட்கார்ந்திருந்த அவர் மனைவி முத்துமீனாள் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

பதினான்கு வருடம் மலையடிவாரத்தில் இருவரும் சேர்ந்து கேட்டுக் குறித்த இரவுப் பறவைகள்தான் இன்று புத்தகமாக வெளிவருகின்றன. அட்டையில் அவர் பெயர் மட்டும் இருந்தது. நன்றிப் பக்கத்தில் ஜீப் ஓட்டியவர் பெயர்கூட இருந்தது. அவள் பெயர் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரியை இரண்டு தடவை தேடச் சொல்லியாயிற்று.

பரவாயில்லை. இப்போது சொல்லப்போகிறார். இவளைக் கேளுங்கள் என்று சொல்லப்போகிறார்.

யாரோ தோளைத் தொட்டு மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

இரண்டு பக்கிக்கும் சருகின் நிறம். இரண்டும் தரையோடு ஒட்டி உட்காரும். இருட்டில் குரலை வைத்துத்தான் பிரிக்க முடியும். காட்டுப் பக்கி ஒரே சீராகத் தட்டிக்கொண்டே போகும். சின்னப் பக்கியும் அப்படித்தான் தொடங்கும். முடியும்போது மட்டும், சிமெண்டுத் தரையில் போட்ட கோலிக்குண்டு துள்ளி அடங்குவதுபோல விரைந்து ஓயும்.

கடைசி வரை கேட்க வேண்டும். கைலாசத்துக்கு அது வரவில்லை. வீட்டிலும் அவர் எதையும் கடைசி வரை கேட்டவரில்லை.

அதனால்தான் கையைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு.

காட்டுக்கு ஆட்கள் கூட வரும்போது அவள் அவர் விரலை அழுத்துவாள். ஒருமுறை என்றால் காட்டுப் பக்கி. இருமுறை என்றால் சின்னப் பக்கி. அவர் உரக்கச் சொல்வார். வந்தவர்கள் வியந்து எழுதிக்கொள்வார்கள்.

பிறவியிலேயே பார்வையில்லாதவள் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

மேடையில் கைலாசம் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். மைக் அவர் வாயருகிலேயே இருந்தது. விரல்கள் மட்டும் காத்திருந்தன.

எதற்குக் கூப்பிட்டார் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

அந்தப் பெண் கைபேசியை ஒலிக்கவிட்டாள். டொக், டொக், டொக். மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில் மெலிதாக, கடைசியில் விரைந்து ஓய்ந்தது.

சின்னப் பக்கி. சந்தேகமே இல்லை.

அவர் விரல் அவசரமாக அசைந்தது.

இத்தனை வருடத்தில் அவள் ஒரு பொய்யும் அழுத்தியதில்லை.

முத்துமீனாள் ஒருமுறை அழுத்திவிட்டுக் கையைத் தளர்த்தினாள்.

"காட்டுப் பக்கி" என்றார் கைலாசம், குரலில் துளி நடுக்கம் இல்லாமல்.

கைதட்டல் எழுந்தது. அவள் காத்திருந்தாள். இத்தனை பேரில் யாராவது ஒருவர் இல்லை என்று சொல்லமாட்டார்களா?

கைதட்டல் அடங்கியதும் லட்சுமிப்ரியாவின் குரல்தான் கேட்டது.

"நல்லவேளை கேட்டேன் சார். கடைசில ஓடுத மாதிரி கேட்டுச்சேன்னு ரெண்டு வருசமா அம்புட்டையும் சின்னப் பக்கின்னே எழுதி வச்சிருக்கேன். இன்னைக்கே எல்லாத்தையும் அடிச்சிருதேன்."