பதினாறு டப்பா

பதினாறு பேருக்கும் கன்னத்து மங்கு பாதிக்கு மேல் மறைந்திருந்தது. தேயிலைத் தோட்டத்து ஆய்வாளர் யுவனேஸ்வரி, தோலின் கருமையை அளக்கும் கருவியை மேசையில் தொப்பென்று வைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மங்கு போயிருச்சேன்னு நாங்க சந்தோசமா இருக்கோம். நீங்க ஏன் மிஸ் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றார் இராசம்மா. அந்தப் பதினாறு பேரும் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள்; அவர்களை வேலை வாங்கும் கங்காணி அவர்தான்.

"எட்டுப் பேருக்குத்தான் போயிருக்கணும்க்கா!"

மலை வெயில் தோலைச் சுட்டுக் கருந்திட்டாக மங்கு விழவைக்கும். அந்தச் சேதத்தைத் தடுக்கும் சத்து பச்சைத் தேயிலையில் உண்டு. ஆனால் அது தண்ணீரில் கரைவது. தோலின் மேலடுக்கோ கொழுப்பை வைத்துக் கட்டிய செங்கல் சுவர் மாதிரி. சாற்றை அப்படியே பூசினால் உள்ளே போகாது.

அதனால் அந்தச் சத்தைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைத்தாள். கொழுப்போடு கொழுப்பு சேரும். குமிழி சுவருக்குள் நுழைந்துவிடும். இதற்கே இரண்டு வருடம் ஆகிவிட்டது.

நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. எட்டு டப்பாவில் தேயிலைக் கிரீம், எட்டில் தேயிலை சேர்க்காத அதே கிரீம். ஆளுக்கொரு டப்பா, அதன் மேல் வெறும் எண். எது எதென்று அவளுடைய நோட்டுக்கு மட்டும் தெரியும்.

தேயிலை சேர்க்காததை முன்பே தன் கன்னத்து மங்கின் மேல் இரண்டு மாதம் பூசிப் பார்த்திருந்தாள். மங்கு அசையவில்லை. இங்கே மட்டும் எப்படி வேலை செய்தது?

"ஒழுங்காத்தான் பூசினீங்களா?"

"நாள் தவறல மிஸ். காலையில பிரட்டுக் களத்துல வேலைக்குப் பேர் குடுக்கப் போறதுக்கு முன்ன ஒருதரம், படுக்கிறதுக்கு முன்ன ஒருதரம். எல்லாரும் ஒரே மாதிரி லா. எங்க தாமரை காய்ச்சல்ல கெடந்தப்பகூட விடல. புருசனுக்குக் கஞ்சி வைக்க மறந்தாலும், இத மறக்கல!"

யுவனேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை.

"ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லன்னா, தேயிலையால ஒண்ணும் ஆகலன்னு அர்த்தம்க்கா. நாளைக்கு மேனேஜர்கிட்ட அதத்தான் சொல்லணும். ஆராய்ச்சிய மூடிருவாங்க."

அறிக்கையை எடுத்து, 'பயனில்லை' என்று அழுத்தி எழுதினாள். இராசம்மாவின் முகம் மாறியது.

"தேயிலைய அப்படிச் சொல்லாதீங்க மிஸ். முப்பது வருசமா கொழுந்துலயே கெடக்கிறோம். எந்த டப்பாவுல தேயில இருக்குன்னு மோந்து பார்த்தா எங்களுக்குத் தெரியாதா?"

பேனா நின்றது.

"தெரிஞ்சு... என்னக்கா செஞ்சீங்க?"

"ஒரே லைன் வீட்டு வரிசையில குடியிருந்துக்கிட்டு, எட்டுப் பேருக்கு மட்டும் நல்லதுன்னா நியாயமா மிஸ்? அன்னிக்கே பதினாறையும் ஒரே சட்டியில கொட்டிக் கலந்துட்டோம் லா!"