ஏரியின் பிரதிநிதி

மீன்கள் நிறைய இருந்தால் ஏரியை மண் கொட்டி மூடமாட்டார்கள் என்று பேச்சு. கணக்கெடுக்க ஆராய்ச்சியாளர்கள் வலை போட்டதும், "நான் பேசிக்கிறேன், எல்லாரும் ஒதுங்குங்க" என்று கெண்டை மட்டும் போய் விழுந்தது. வாலில் நீல அடையாளம் போட்டு நீரில் விட்டார்கள். அடுத்த இரண்டு நாளும் அதுவே விழுந்தது.

"மறுபடியும் இதே மீன்தான். வேற மீனே இல்ல போல" என்றார் ஆராய்ச்சியாளர் ஒருவர்.

அது கெளுத்தியின் காதில் விழுந்தது. கெண்டையை வழிமறித்தது.

"நீங்களே போய்ப் போய் நின்னா, நாங்கல்லாம் செத்துட்டோம்னுதானே எழுதுவாங்க? நாளைக்கு ஒருநாள் பாசிக்குள்ள கிடங்க, அண்ணே."

மறுநாள் கெண்டை முனகிக்கொண்டே பாசிக்குள் கிடந்தது. விரால், அயிரை, கெளுத்தி என்று வலை கனத்தது. ஏரியை மூடவேண்டாம் என்று கரையில் எழுதிக்கொண்டார்கள்.

அடையாளத்தோடு துள்ளி வந்த கெளுத்தி நடந்ததையெல்லாம் சொன்னது. கெண்டை பொறுமையாகக் கேட்டது.

"சரி, என்னைப் பத்தி ஏதும் விசாரிச்சாங்களா?"