கோச்சின் சிரித்த முகம்

டைம் அவுட் விசில் ஊதியதும் நெட்டை மெதுவாகத்தான் பெஞ்சுக்கு வந்தாள். வேகமாக வந்தால் முட்டி காட்டிக்கொடுத்துவிடும்.

கல்லூரி கூடைப்பந்து அணியின் கேப்டன் அவள். முட்டி ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது என்று டாக்டர் போன வாரமே சொல்லிவிட்டார். இன்னொரு தடவை முட்டி பிசகினால் ஆட்டம் கிடக்கட்டும், காலம் பூராவும் நொண்ட வேண்டியதுதான் என்றார்.

கோச்சிடம் அவள் மூச்சு விடவில்லை.

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பது சுலபம். அந்த மனுஷனின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

பழைய கோச் வாயைத் திறந்தால் வசவுதான். சுளுக்கு என்றால், நடிக்காதே என்பார். ஆனாலும் வலித்தால் பெண்கள் மனசுக்குள் 'போய்யா' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

இவர் வேறு ரகம். பந்து கூடைக்கு ஒரு முழம் தள்ளிப் போனாலும் கைதட்டுவார். "அடுத்தது உள்ளேதாம்மா!" என்பார். கடைசி இடத்தில் கிடந்த அணியை இப்படித் தட்டிக்கொடுத்தே இறுதி ஆட்டம் வரை கூட்டிவந்துவிட்டார்.

வாய்ப்பேச்சு ஆளும் இல்லை. நிஜமாகவே நம்பினார். வந்த வினையே அதுதான்.

இன்னும் ஒரு நிமிட ஆட்டம் பாக்கி. இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். உட்காரும்போது முட்டிக்குள் ஏதோ நறுக்கென்றது.

ஐயோ, போதும். சொல்லிவிட வேண்டியதுதான். தனக்குப் பதில் இறங்க வாண்டு இருக்கிறாள். முதலாம் ஆண்டுப் பெண், குறி தப்பாத கை.

"சார்..." என்றாள்.

"சொல்லும்மா!" கோச் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

அதற்குள் பக்கத்திலிருந்து யாரோ அவள் ஜெர்சியைப் பிடித்து இழுத்தார்கள். வாண்டுதான். மடியில் கிடந்த துண்டைக் கொஞ்சமாக விலக்கிக் காட்டினாள். வலது கையில் இரண்டு விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தன.

"என்னைக் கூப்பிட வச்சிடாதக்கா," என்று காதோடு கெஞ்சினாள். "நேத்து பிராக்டிஸ்ல உடைஞ்சிடுச்சு. தெரிஞ்சா பாவம், அவர் முகம் வாடிடும்."

நெட்டை வாண்டுவுக்கு அப்பால் பார்த்தாள்.

அடுத்தவள் தன் தோளைப் பிடித்திருந்த கையைச் சட்டென்று எடுத்தாள். அதற்கடுத்தவள் அவசர அவசரமாக ஒரு மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கினாள். பெஞ்சின் கோடியில் இருந்தவள் கட்டுப்போட்ட கணுக்காலைப் பையால் மறைத்தாள்.

ஒருத்தியும் அவளை நேராகப் பார்க்கவில்லை.

"என்னம்மா, ஏதோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல சார்."

விசில் ஊதியது. நெட்டை பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டி உள்ளே இறங்கினாள். அவளுக்குப் பயமாக இருந்தது. முட்டிக்காக மட்டும் இல்லை.

முதுகுக்குப் பின்னால் கோச்சின் குரல் அரங்கமே கேட்கும்படி கணீரென்று எழுந்தது.

"பாருங்க, வருஷம் பூரா நம்ம பிள்ளைங்க ஒருத்திக்குக்கூட அடி படல! இதுக்கு மேல என்ன வேணும்?"

பெஞ்ச் மொத்தமும் கைதட்டியது. வாண்டு மட்டும் இடது கையால் தொடையில் தட்டினாள்.