திரையில் கால் வைக்காத பல்லி

ஒரு வீட்டுக் கூடத்துச் சுவரில் பல்லித் தம்பதி குடியிருந்தது. புத்தாண்டு மாலையில் டிவியில் போடும் சிறப்புத் திரைப்படத்தை அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து பார்ப்பது மனைவியின் வழக்கம். கணவனுக்கோ திரை வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள்தான் பண்டிகை. கதாநாயகி அழும்போது அவள் மூக்கின் மேலேயே ஓடுவான். வீட்டுக்காரர்கள் துடைப்பத்தை எடுப்பார்கள். பிறகு மனைவிக்கு ஏது படம்?

"இந்த வருஷமாவது முடிவு வரைக்கும் பார்க்க விடுய்யா."

"சுவர் எல்லாருக்கும் பொது. துடைப்பத்துக்கு நான் என்றைக்குப் பயந்தேன்?" என்று வாலை முறுக்கினான். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, உனக்காகத் திரையில் கால் வைக்க மாட்டேன்" என்றான்.

படம் சூடுபிடித்த நேரத்தில் கொழுத்த விட்டில் ஒன்று திரையில் வந்து உட்கார்ந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தொண்டை மட்டும் ஏறி இறங்கியது.

மனைவி அவனை மெல்ல இடித்தாள்.

"விளம்பரம் போட்டுட்டான். எல்லாரும் அடுப்படிக்குப் போயிட்டாங்க. ஓடிப் போய்ப் பிடிச்சிட்டு வா, எனக்கும் பாதி."